சென்னையில் துப்பாக்கி உரிமம்: காவல்துறை எப்படி விசாரிக்கிறது, எப்போது திரும்பப் பெறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் விண்ணப்பிக்க எண்ணுபவர்களுக்கும் மட்டுமல்லாமல், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழும் மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோருக்கும் பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தில் இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. உரிமம் பெறும் வழிமுறையைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. உரிமம் கிடைத்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆகவே அந்தப் பகுதிக்கு இங்கே கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமையா?

இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 3, உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கியையோ தோட்டாக்களையோ வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று தெளிவாகக் கூறுகிறது. 2023 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றின் ஜாமீன் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், அமெரிக்க அரசியலமைப்பில் உள்ளதைப் போல ஆயுதம் தாங்கும் அடிப்படை உரிமை எதுவும் இந்திய அரசியலமைப்பில் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. எனவே உரிமம் என்பது, ஒருவரை நம்பி, நிபந்தனைகளோடு, குறிப்பிட்ட காலத்துக்கு அரசு தரும் அனுமதி. அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் காவல்துறை விசாரணையின் வேலை.

சென்னையில் உரிமம் வழங்குபவர் ஆட்சியரா, காவல் ஆணையரா?

பிற மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியரே உரிமம் வழங்கும் அதிகாரி. காவல் ஆணையர் நியமிக்கப்பட்டுள்ள பகுதிகளில் அந்த அதிகாரம் ஆணையருக்கு உரியது. ஆகவே சென்னைப் பெருநகரக் காவல் எல்லைக்குள் வசிப்பவரின் விண்ணப்பம் வேப்பேரி, ஈ.வெ.கி. சம்பத் சாலையில் உள்ள ஆணையர் அலுவலகத்துக்குச் செல்கிறது. 2022இல் தாம்பரமும் ஆவடியும் தனித்தனி ஆணையரகங்களாகப் பிரிக்கப்பட்டதால், அந்தப் பகுதிகளில் குடியிருப்போர் பழைய நினைவில் வேப்பேரிக்குப் போய்த் திரும்ப வேண்டாம். தங்கள் வீடு எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறது, அந்த நிலையம் எந்த ஆணையரகத்தின் கீழ் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்வது நல்லது.

தடை செய்யப்பட்ட ரகத் துப்பாக்கிகளுக்கான அனுமதி ஆணையர் மட்டத்தில் முடிவதில்லை. அது மத்திய உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பு. பொதுமக்கள் பெரும்பாலும் கேட்பது .32 ரிவால்வர் அல்லது கைத்துப்பாக்கி, .315 ரைபிள், 12 போர் (குழல் அளவு) துப்பாக்கி ஆகிய தடையற்ற ரகங்களையே என்பதால் இங்கே அவற்றைப் பற்றியே பேசுகிறோம்.

எந்தக் காரணங்களைச் சொல்லி விண்ணப்பிக்கலாம்?

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் மூன்று வகையினரைக் குறிப்பிடுகின்றன. தொழில், வணிகம் அல்லது பிற காரணங்களால் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ள உண்மையான தேவை உள்ளவர்கள் முதல் வகை. உரிமம் பெற்ற துப்பாக்கி சுடும் சங்கத்தில் கடந்த இரண்டு ஆண்டுகளாகத் தீவிரமாகப் பங்கேற்றுவரும் விளையாட்டு வீரர்கள் இரண்டாம் வகை. இராணுவம், மத்திய ஆயுதக் காவல் படைகள், மாநிலக் காவல்துறை ஆகியவற்றில் பணிபுரியும் அல்லது பணிபுரிந்து ஓய்வுபெற்ற, உண்மையான தேவை உள்ளவர்கள் மூன்றாம் வகை.

முதல், மூன்றாம் வகைகளில் "உண்மையான தேவை" என்பதை எப்படி நிறுவுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சௌகார்பேட்டையில் நகை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். "எனக்குப் பாதுகாப்பு வேண்டும்" என்று அவர் ஒரு வரி எழுதினால், ஆய்வாளரால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. எந்த நாட்களில், எந்த நேரத்தில், எந்த வழியாகச் சரக்கை எடுத்துச் செல்கிறார், இதற்கு முன் வழிப்பறியோ மிரட்டலோ நடந்ததா, நடந்திருந்தால் எந்த நிலையத்தில் புகார் கொடுத்தார், முதல் தகவல் அறிக்கையின் நகல் இருக்கிறதா, கண்காணிப்புக் கேமரா, காவலாளி, வங்கிப் பெட்டகம் போன்ற மாற்று ஏற்பாடுகளைச் செய்து பார்த்தாரா என்ற விவரங்களே விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும். மிரட்டல் இருந்தும் புகாரே கொடுக்காமல் நேராகத் துப்பாக்கி கேட்பவரைப் பற்றி அதிகாரிக்கு ஐயம் எழுவது இயல்பு, அது நியாயமும்கூட. கௌரவத்துக்காகவும் செல்வாக்கைக் காட்டவும் கேட்கப்படும் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட வேண்டியவை.

சட்டப்படி உரிமம் பெறவே முடியாதவர்கள் யார்?

21 வயது நிறைவடையாதவர்கள் பெற முடியாது. இளம் விளையாட்டு வீரர்கள் 12 வயது முதல் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சி பெறுவதற்கு மட்டும் தனி விதிவிலக்கு உண்டு. வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றவர்கள், அது எவ்வளவு குறைந்த காலத் தண்டனையாக இருந்தாலும், தண்டனை முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை பெற முடியாது. அமைதி காப்பதற்காகவோ நன்னடத்தைக்காகவோ பிணையம் எழுதிக் கொடுக்கும்படி உத்தரவிடப்பட்டவர்கள், அந்தப் பிணையக் காலம் முடியும் வரை பெற முடியாது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107 முதல் 110 வரையிலான பிரிவுகள் என்று அறியப்பட்ட இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126 முதல் 129 வரையிலான பிரிவுகளில் உள்ளது. மனநலம் குன்றியவர் என்று கருதப்படுபவருக்கும் உரிமம் மறுக்கப்படும்.

இவற்றைத் தவிர, "எந்தக் காரணத்தாலும் தகுதியற்றவர்" என்று அதிகாரி கருதினால் மறுக்கலாம் என்றும், பொது அமைதிக்காகவோ பாதுகாப்புக்காகவோ மறுக்கலாம் என்றும் ஆயுதச் சட்டத்தின் பிரிவு 14 கூறுகிறது. இது விரிவான அதிகாரம். ஆனால் மறுப்பதற்கான காரணங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று அதே பிரிவு கட்டளையிடுகிறது. பொதுநலன் கருதி வெளியிட இயலாது என்று அதிகாரி கருதும் நிலையைத் தவிர, விண்ணப்பதாரர் கேட்டால் அந்தக் காரணங்களைச் சுருக்கமாகத் தெரிவிக்கவும் வேண்டும்.

சொந்த வீடோ நிலமோ இல்லாதவருக்கு மறுப்பார்களா?

போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வாடகை வீட்டில் இருப்பது தடையல்ல. ஆனால் ஆயுதத்தைப் பத்திரமாக வைக்க இடம் இருக்க வேண்டும்.

விண்ணப்பம் எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு காலம் ஆகும்?

விண்ணப்பம் இணையவழியில் பதிவாகி, தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் சேர்கிறது. ஒவ்வோர் உரிமதாரருக்கும் தனி அடையாள எண் தரப்படுகிறது. அந்த எண் இல்லாத பழைய உரிமப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அது செல்லும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உடனே உரிம அதிகாரியை அணுக வேண்டும்.

ஆணையர் அலுவலகத்திலிருந்து விண்ணப்பம், விண்ணப்பதாரர் வசிக்கும் பகுதியின் காவல் நிலையத்துக்கு விசாரணைக்காக அனுப்பப்படுகிறது. நிலைய ஆய்வாளரின் அறிக்கை உதவி ஆணையர், துணை ஆணையர் பார்வைக்குச் சென்று திரும்புவது நடைமுறை. காவல் அறிக்கைக்கு 30 நாட்களும், அறிக்கை வந்தபின் முடிவெடுக்க 60 நாட்களும் விதிகளில் காலவரையறையாக உள்ளன. உரிய காலத்தில் காவல் அறிக்கை வராவிட்டால், அதற்காகக் காத்திராமல் உரிம அதிகாரி உத்தரவு பிறப்பிக்கலாம் என்று பிரிவு 13 இடம் தருகிறது. ஆனால் நிலைய விசாரணையே இல்லாமல் ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது ஆபத்தானது என்பதால், அந்த இடத்தை அதிகாரிகள் மிக அரிதாகவே பயன்படுத்த வேண்டும்.

காவல் நிலையத்தில் எவற்றையெல்லாம் பார்ப்பார்கள்?

முதலில் ஆவணங்கள். விண்ணப்பதாரர் மீது வழக்கு உண்டா என்பதைத் தன் நிலையப் பதிவேடுகளிலும், பிற நிலையங்களின் விவரங்களுக்கு காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். கணினி வலையமைப்பிலும் தேடுவார்கள். வேறு ஊரிலிருந்து சென்னைக்குக் குடிவந்தவராக இருந்தால் முந்தைய ஊரின் நிலையத்திடமும் கேட்பது முறை. முன்பு எப்போதாவது உரிமம் கேட்டு மறுக்கப்பட்டதா, இருந்த உரிமம் ரத்தானதா என்பதை விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். அதில் பொய் சொன்னால், பின்னாளில் அந்தப் பொய் ஒன்றே உரிமத்தை ரத்து செய்யப் போதுமானது.

அடுத்து நேரில் விசாரணை. நல்ல ஆய்வாளர் வீட்டுக்கு வருவார், அல்லது பொறுப்பான உதவி ஆய்வாளரை அனுப்புவார். விண்ணப்பதாரரை நிலையத்துக்கு வரச்சொல்லி, ஆதார் நகலையும் புகைப்படத்தையும் வாங்கிக்கொண்டு, "ஆட்சேபணை இல்லை" என்று எழுதி அனுப்புவது விசாரணை ஆகாது. வீட்டுக்கு வருபவர் எஃகு அலமாரி எந்த அறையில் இருக்கிறது, அது சுவரோடு பொருத்தப்பட்டிருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கும் என்று பார்ப்பார். வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள், சிறுவர்கள் இருக்கிறார்களா, குடிப்பழக்கம் உள்ளவர் இருக்கிறாரா, சொத்துத் தகராறு அல்லது பங்காளிச் சண்டை ஏதும் நடக்கிறதா என்று கேட்பார். கடன் கொடுத்து வாங்கும் தொழிலாக இருந்தால், கடன் வசூல் எப்படி நடக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளை அவமதிப்பாகக் கருதாமல் பொறுமையாகப் பதில் சொல்வதே தகுதியின் முதல் அடையாளம் என்று நான் கருதுகிறேன்.

குடும்பத்தினரையும் அக்கம்பக்கத்தாரையும் விசாரிப்பார்களா?

விசாரிப்பது வழக்கம். ஆனால் விசாரிக்கும் விதத்தில் பெரிய வேறுபாடு உண்டு. இதுவே இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

கூடத்தில் கணவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, அருகே நிற்கும் மனைவியிடம் "உங்களுக்கு ஆட்சேபணை ஏதும் உண்டாம்மா?" என்று ஓர் அதிகாரி கேட்டால், "இல்லை சார்" என்பதைத் தவிர அவர் வேறு என்ன சொல்ல முடியும்? அந்தப் பதிலை அறிக்கையில் எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. மனைவியையும், வளர்ந்த பிள்ளைகளையும், உடன் வாழும் வயதான பெற்றோரையும் தனித்தனியே, முடிந்தால் பெண் காவலர் ஒருவர் மூலம், விண்ணப்பதாரர் காதில் விழாதபடி கேட்க வேண்டும். கோபம் வந்தால் அவர் என்ன செய்வார், குடித்த இரவுகளில் வீடு எப்படி இருக்கும், எப்போதாவது அடித்திருக்கிறாரா, "செத்துவிடுவேன்" அல்லது "கொன்றுவிடுவேன்" என்று சொல்லியிருக்கிறாரா என்பவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள். குற்றப் பதிவேட்டில் இல்லாத ஒரு மனிதரை அந்த வீட்டுக்குள் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். கொள்ளையரிடமிருந்து காத்துக்கொள்ள வாங்கிய துப்பாக்கி ஆண்டின் 365 நாளும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கப்போகிறது. அதனால் முதலில் ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர்கள் அந்த வீட்டார்தான்.

இப்படித் தனியே விசாரிக்க வேண்டும் என்று விதிகள் வெளிப்படையாக வற்புறுத்தவில்லை. ஆனால் "எந்தக் காரணத்தாலும் தகுதியற்றவர்" என்ற பிரிவு 14இன் சொற்கள், இவற்றையெல்லாம் விசாரித்து அறிய அதிகாரிக்கு முழு இடம் தருகின்றன. அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் சமரசமாக முடித்துவைக்கப்பட்ட குடும்பப் புகார்கள் வழக்காகப் பதிவாகாமலே போயிருக்கலாம். ஆகவே விசாரணை அதிகாரி அந்த நிலையத்தின் மனு விசாரணைப் பதிவையும் கேட்டுப் பார்ப்பது அவசியம். 1992இல் ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்த நகரம் இது. பெண்களின் புகார்களுக்கென்று இவ்வளவு காலமாகத் தனி நிலையங்கள் இயங்கும் ஊரில், அங்கே சேர்ந்திருக்கும் விவரங்களைப் பார்க்காமல் உரிமம் தருவதற்கு நியாயம் இல்லை.

மருத்துவச் சான்றிதழ் எதற்கு? மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவருக்கு உரிமம் கிடைக்காதா?

உடல்நலம், மனநலம் ஆகியவற்றோடு, மது அல்லது போதைப்பொருளுக்கு அடிமையாகாதவர் என்பதையும் குறிப்பிடும் மருத்துவச் சான்றிதழை விதிகள் கேட்கின்றன. எப்போதோ சிகிச்சை பெற்றார் என்பதால் ஒருவரை வாழ்நாள் முழுவதும் தகுதியற்றவராக்குவது சரியல்ல. சிகிச்சை பெற்றுத் தேறியவர், சிகிச்சையே பெறாமல் மறைப்பவரைவிடப் பொறுப்பானவர். அதே நேரத்தில், இப்போது கடும் மன உளைச்சலில் இருப்பவர், புதிதாகத் துணையை இழந்தவர், தொழில் நொடித்துப்போனவர் ஆகியோர் கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாமல் இருப்பதே அவர்களுக்குச் செய்யும் பாதுகாப்பு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பெரும்பாலும் சிறிது நேரமே உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் துப்பாக்கி கையில் கிடைத்தால் காப்பாற்ற வாய்ப்பு மிகவும் குறைவு.

உரிமதாரர் தாமாகவே முன்வந்து, "சில மாதங்களுக்கு இது என்னிடம் வேண்டாம்" என்று துப்பாக்கியை நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகிய எண்களை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

என் மீது ஒரு வழக்கு நிலுவையில் உள்ளது. விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே மறுப்பதற்கோ ரத்து செய்வதற்கோ தானாகக் காரணமாகிவிடாது என்று உயர் நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் கூறியுள்ளன. வழக்கின் தன்மையே முக்கியம். காசோலை வழக்கும் கொலை மிரட்டல் வழக்கும் ஒன்றல்ல. எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஒருவர் எத்தனை துப்பாக்கிகள் வைத்திருக்கலாம்?

இரண்டு. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் மூன்று என்பதை இரண்டாகக் குறைத்தது. மூன்று வைத்திருந்தவர்கள் கூடுதலாக உள்ள ஒன்றை ஓர் ஆண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று கால அவகாசம் தரப்பட்டது. அந்த அவகாசம் என்றோ முடிந்துவிட்டது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. அதே திருத்தம் உரிமத்தின் செல்லுபடிக் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தியது.

துப்பாக்கியோடு வெளியே போகலாமா? திருமணத்தில் வானத்தை நோக்கிச் சுடலாமா?

உரிமத்தில் குறிப்பிட்டுள்ள பரப்பெல்லைக்குள் எடுத்துச் செல்லலாம். ஆனால் கைத்துப்பாக்கி உறையில் இருக்க வேண்டும். முழுவதும் மூடப்பட்டு, எப்போதும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். நீளத் துப்பாக்கியை அதற்குரிய உறையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். பொது இடத்தில் எடுத்துக் காட்டுவதோ சுடுவதோ வெற்றுத் தோட்டா வெடிப்பதோ தடை செய்யப்பட்டுள்ளது. உரிமத்தை எந்தக் காவல் அதிகாரி கேட்டாலும் காட்ட வேண்டும்.

திருமணம், கோயில் விழா, கட்சி ஊர்வலம் என எந்தக் கொண்டாட்டத்திலும் சுடக் கூடாது. அப்படிச் சுட்டு மற்றவர் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சமூக வலைத்தளத்தில் துப்பாக்கியோடு படம் போடுவதும் அறிவார்ந்த செயலல்ல. அது தகுதி குறித்த மறுஆய்வுக்கு வழிவகுக்கலாம்.

உரிமம் கொடுத்த பிறகு காவல்துறை கண்காணிக்கிறதா, அல்லது ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் பார்க்கிறதா?

கேட்கும்போதெல்லாம் துப்பாக்கியையும் உரிமத்தையும் காட்ட வேண்டியது உரிமதாரரின் கடமை. புதுப்பிக்கும் நேரத்தில் காவல் விசாரணை மீண்டும் நடைபெறும். அப்போது துப்பாக்கியின் உடலில் பொறிக்கப்பட்ட எண்ணை உரிமத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தோட்டா வாங்கிய பதிவுகளையும், இப்போது கையிருப்பில் உள்ள தோட்டாக்களையும் எண்ணிக் கணக்குப் பார்ப்பார்கள். வாங்கியதற்கும் இருப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்கு நேர்மையான விளக்கம் வேண்டும். பயிற்சியில் சுட்டிருந்தால் அந்தச் சங்கத்தின் பதிவு போதுமானது. காலாவதி தேதி வரை காத்திராமல் இரண்டு மாதங்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். காலாவதியான உரிமத்தோடு துப்பாக்கியை வைத்திருப்பது, உரிமமே இல்லாமல் வைத்திருப்பதற்குச் சமம்.

ஐந்து ஆண்டு என்பது நீண்ட காலம். அந்த இடைவெளியில் ஒருவரின் மணவாழ்க்கை முறியலாம், குடிப்பழக்கம் தொற்றலாம், கடன் கழுத்தை நெரிக்கலாம். புதுப்பிக்கும்போது மட்டும் தகுதியைப் பார்ப்பது போதாது என்பது என் உறுதியான கருத்து. உரிமதாரர் பெயரில் எந்த நிலையத்தில் எந்தப் புகார் வந்தாலும், அது வழக்காகாவிட்டாலும், அந்தச் செய்தி உரிமப் பிரிவுக்குப் போக வேண்டும். வேளச்சேரி நிலையத்தில் வந்த குடும்பப் புகாரை விசாரிப்பவருக்கு, எதிரே நிற்கும் கணவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது என்பது தெரியாமல் போகக் கூடாது. நிலையம்தோறும் தன் எல்லைக்குட்பட்ட உரிமதாரர் பட்டியல் இருப்பது இதற்காகத்தான். அந்தப் பட்டியலைத் தேர்தல் நேரத்தில் மட்டும் புரட்டினால் போதாது.

தேர்தல் வந்தால் ஏன் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள்?

தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல்படி, தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமங்கள் ஆய்வுக் குழு ஒன்றால் பரிசீலிக்கப்படுகின்றன. ஜாமீனில் உள்ளவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், முன்பு கலவரங்களில், குறிப்பாகத் தேர்தல் காலக் கலவரங்களில், தொடர்புடையவர்கள் ஆகியோர் முதன்மையாகக் கவனிக்கப்படுகிறார்கள். ஒப்படைக்கும்போது ரசீது கட்டாயம் பெறுங்கள். முடிவுகள் அறிவிக்கப்பட்டு ஒரு வாரத்துக்குப் பின் ஆயுதங்கள் திருப்பித் தரப்படும். வங்கிக் காவலர்களும் போட்டிகளில் பங்கேற்கும் வீரர்களும் விலக்குக் கேட்டு எழுத்துப்பூர்வமாக மனு தரலாம்.

எந்தச் சூழ்நிலைகளில் உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ முடியும்?

பிரிவு 17 இதைச் சொல்கிறது. உரிமதாரர் தகுதியற்றவர் ஆகிவிட்டார் என்று தெரிந்தால், பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ தேவை என்று கருதினால், முக்கியத் தகவலை மறைத்து உரிமம் பெற்றிருந்தால், நிபந்தனைகளை மீறினால், உரிமத்தை ஒப்படைக்கும்படி வந்த அறிவிப்பை மதிக்காவிட்டால் உரிமத்தை நிறுத்திவைக்கலாம் அல்லது ரத்து செய்யலாம். காரணங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நிபந்தனை மீறலுக்கு ஆறு மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. உரிமமே இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை.

உரிமம் இருந்தாலும், ஒருவரிடம் ஆயுதம் இருப்பது பொது அமைதிக்கு ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால், அந்தக் காரணங்களைப் பதிவு செய்துவிட்டு வீட்டைச் சோதனையிட்டு ஆயுதத்தைக் கைப்பற்றும்படி நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிட பிரிவு 22 வழிசெய்கிறது.

என் கணவரிடம் உரிமத் துப்பாக்கி இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

உடனடி ஆபத்து என்றால் 100 அல்லது 112ஐ அழைத்து, முதல் வாக்கியத்திலேயே "வீட்டில் துப்பாக்கி இருக்கிறது" என்று சொல்லுங்கள். வருகிற காவலர்களின் பாதுகாப்புக்கும் அது தேவை. பெண்களுக்கான 181 உதவி எண்ணும் உண்டு. உடனடி ஆபத்து இல்லாவிட்டாலும், அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் அளிக்கும்போது, துப்பாக்கி பற்றியும் அதைக் காட்டி மிரட்டிய நாள், சொன்ன சொற்கள், அருகில் இருந்தவர்கள் பற்றியும் எழுதிக் கொடுங்கள். புகாரின் நகலை உரிமம் வழங்கும் அதிகாரியான ஆணையருக்கும் தனியே அனுப்பி, உரிமத்தை நிறுத்திவைக்குமாறு கேளுங்கள். புகார் மனு ஏற்புச் சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். அக்காவுக்காகவோ அம்மாவுக்காகவோ நீங்களும் இந்த மனுவைத் தரலாம். பக்கத்து வீட்டாரும் தரலாம். நீங்களே துப்பாக்கியை எடுத்து மறைத்துவைக்க மட்டும் முயல வேண்டாம்.

தனியார் காவல் நிறுவனத்தில் வேலைக்குச் சேர, என் துப்பாக்கியை நிறுவனத்திடம் கொடுத்து வைக்கலாமா?

கூடாது. உரிமம் உங்கள் பெயரில் இருந்தால் ஆயுதம் உங்கள் கட்டுப்பாட்டில் மட்டுமே இருக்க வேண்டும். உங்கள் பணி முடிந்ததும் அடுத்த காவலர் அதே துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றால் அவரும் குற்றவாளி, கொடுத்த நீங்களும் குற்றவாளி. நிறுவனத்தின் பெயரில் உரிமம் இருந்தால், அதில் பெயர் சேர்க்கப்பட்ட காவலர் மட்டுமே ஏந்தலாம்.

ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டுமா?

0.177 அங்குலத்துக்கு மிகாத துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்டவற்றுக்கு வேண்டாம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு வேண்டும்.

வீடு மாறினால், துப்பாக்கி தொலைந்தால், விற்க விரும்பினால்?

30 நாட்களுக்கு மேல் வேறிடத்தில் ஆயுதத்தோடு வசிக்க நேர்ந்தால், பழைய, புதிய இரண்டு உரிம அதிகாரிகளுக்கும் 30 நாட்களுக்குள் தெரிவியுங்கள். அண்ணா நகரிலிருந்து பூந்தமல்லிக்குக் குடிபெயர்ந்தாலும் ஆணையரகம் மாறிவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். தொலைந்தாலோ திருடுபோனாலோ அன்றே நிலையத்தில் புகார் கொடுங்கள். தனிநபருக்கு விற்பதாயின், வாங்குபவருக்கு உரிமம் இருக்க வேண்டும். ஆட்சியருக்கு, சென்னையில் ஆணையருக்கு, அல்லது அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து 45 நாட்கள் கடந்த பிறகே விற்கலாம்.

உரிமம் மறுக்கப்பட்டாலோ ரத்தானாலோ எப்படி முறையிடுவது?

பிரிவு 18இன்படி மேல்முறையீடு செய்யலாம். அரசே நேரடியாகவோ அரசின் அறிவுறுத்தலாலோ பிறப்பித்த உத்தரவுக்கு மட்டும் மேல்முறையீடு கிடையாது. உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் மேல்முறையீட்டை முடிக்கக் கூடாது. ஆனால் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது, மேல் அதிகாரி வேறுவிதமாக உத்தரவிடாத வரை ரத்து உத்தரவு அப்படியே நடைமுறையில் இருக்கும். அதன் பிறகும் தீர்வு இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். "காரணமே சொல்லாத உத்தரவு" என்பது அங்கே வலுவான வாதம். ஆகவே மறுப்பு உத்தரவின் நகலையும் காரணங்களையும் முதலில் எழுதிக் கேட்டுப் பெறுங்கள்.

அப்பா இறந்துவிட்டார். அவருடைய பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி பரணில் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

உரிமதாரர் இறந்த நாளிலிருந்து அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ள வீட்டில் எவருக்கும் அனுமதி இல்லை. தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ, இறப்புச் சான்றிதழ் நகலோடும் அப்பாவின் உரிமத்தோடும் ஒப்படையுங்கள். தோட்டாக்கள் இருந்தால் அவற்றையும் எண்ணிக் கொடுத்து, எண்ணிக்கையை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். துப்பாக்கியைக் கையாளத் தெரியாது என்றால் எடுத்துச் செல்ல வேண்டாம். நிலையத்துக்குத் தகவல் கொடுத்தால் வந்து பெற்றுக்கொள்வார்கள். வாரிசு என்ற முறையில் உங்களில் ஒருவர் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதமும் மேலே சொன்ன முழுக் காவல் விசாரணையும் அதற்கும் உண்டு. உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித் தர விரும்புபவர்கள், 70 வயது நிறைந்ததும் அல்லது அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்த பிறகு, எது முன்னதோ அப்போது, விண்ணப்பிக்க விதிகள் இடம் தருகின்றன. எவருக்கும் வேண்டாம் என்றால், உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் விற்றுவிடலாம்.